திருச்சிக்கு வந்த பனிக்கவுதாரி

திருச்சி விமான நிலையத்தில், என் நோர்வே கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேசுவதற்காக என்று தமிழில் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எதைப் பற்றிப் பேச என்றார். ஒரு பறவையைப் பற்றி என்றேன்.

"மயிலா?"

"இல்லை ஐயா. பனிக்கவுதாரி."

முத்திரையைக் குத்திவிட்டு, "நம்மூரு வெயில் அதுக்கு ஒத்துக்காதுங்க. நிழல்லயே கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பறவையைப் பேசி நான் மூன்று கோப்பைகள் வென்றிருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது நோர்வேயின் வட கோடியில், மரங்கள் வளராத ஒரு கடற்கரை ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள். அவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி. அங்கேதான் மேடைப் பேச்சைப் பயின்றேன். குரலை எந்தச் சொல்லில் உயர்த்துவது, எந்தச் சொல்லில் தாழ்த்துவது, கைதட்டலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று எல்லாவற்றையும் கற்றுத் தந்தார்கள். கைதட்டுவதற்கு ஆட்கள் இல்லாததால் இடம் விடுவதை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டேன். நிறைந்த ஒரு தமிழ் அரங்கில், நான் விட்ட இடைவெளியில் கைதட்டல் வந்து விழ வேண்டும். திருச்சிக் கல்லூரி ஒன்று வெளிநாட்டு மாணவர்களுக்கும் இடம் தந்து நடத்திய சொற்போருக்கு நான் தனியாகப் புறப்பட்டு வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

பறவையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அதை ரீப்ப என்பார்கள். பனிக்கவுதாரி என்பது நான் சூட்டிய பெயர். மலை உச்சிகளிலும் உறைநிலத்திலும் வாழ்வது. கால் விரல் வரை இறகு மூடியிருக்கும். கோடையில் பாறையின் பழுப்பு. குளிர்காலத்தில் வால் தவிர முழு வெள்ளை. வேட்டைக்காரர்கள் விரும்பும் பறவை. இலையுதிர் காலம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் துப்பாக்கியும் நாயுமாக மலை ஏறுவார்கள். எங்கள் நாட்டின் செம்பட்டியல், அதாவது எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று வரிசைப்படுத்தும் பட்டியல், அதை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்ற நிலையில் வைத்திருந்தது. அழிவின் வாசலில் நிற்கும் ஒரு வெண்பறவைக்காக வேட்டையை நிறுத்துங்கள் என்பதே என் பேச்சின் பொருள்.

விமான நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம், "ஐயா, புத்தூர் செல்ல வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "ஏம்மா, நீங்க நியூஸ் வாசிக்கிறவங்களா?" என்று கேட்டார். மழை தொடங்கியிருந்தது. ஆட்டோவின் இருபுறமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டதால் நான் முதன்முதலாகப் பார்த்த திருச்சி, ஒரு நீல நிறத் தார்ப்பாயும் அதன் ஓட்டை வழியே தெரிந்த ஒரு துண்டுச் சாலையும் மட்டுமே.

புத்தூரில் மாணவியர் விடுதி விடுமுறையால் வெறிச்சோடிக் கிடந்தது. மற்ற போட்டியாளர்கள் அணி அணியாக வந்து ஓட்டல்களில் தங்கியிருந்தார்கள். விடுதியில் சமையல் இல்லை என்பதால் தெருமுனைக் கடைக்குப் போனேன். பரிமாறுபவர், எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றேன். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முட்டைத் தோசையை வைத்துவிட்டுப் போனவர் மறுபடி வந்து, "யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களாம்மா?" என்றார். எங்கள் ஊரில் தனிமை என்பது வானிலை போன்றது. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக இருந்தது. அறைக்குத் திரும்பி, சுழலும் மின்விசிறியை நடுவராகப் பாவித்து என் பேச்சை ஒருமுறை ஒத்திகை பார்த்தேன்.

இரண்டாம் நாள் தகுதிச் சுற்றுகள். அவற்றில் பொருளை அவர்களே கொடுத்தார்கள், எளிதாகவே வென்றேன். இறுதிச் சுற்றின் விதி வேறு. ஒருவர் தம் சொந்தப் பொருளை முன்வைக்க, மற்றவர் அதை மறுத்துப் பேச வேண்டும். பொருளின் சுருக்கத்தை எதிராளியிடம் முன்பே கொடுத்துவிட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் முன்வைக்கும் இடம் எனக்கும், மறுக்கும் இடம் சாதிக் என்ற மூன்றாமாண்டு வரலாற்று மாணவனுக்கும் கிடைத்தன. பாலக்கரைப் பையன்; ஒல்லியான உருவத்துக்குப் பொருந்தாத கனத்த குரல். தேவையானவை கிடைக்கின்றனவா என்று எல்லா அணிகளையும் விசாரித்துக்கொண்டு வந்த அமைப்பாளர் பேராசிரியர் என்னிடம் மட்டும் நிற்காமல் கடந்தார். "உங்களைப் பத்திக் கவலையே இல்லம்மா. நீங்க பிச்சு உதறிடுவீங்க." அப்பாவும் தொலைபேசியில் ஏறத்தாழ அதையே சொல்லியிருந்தார். அது பாராட்டு என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடைக்கு சாதிக் என்னை அழைத்தான். அவர்களுடைய பேச்சு மன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். இறுதிச் சுற்றுக்கு முன் எதிராளிகள் இருவரும் சேர்ந்து டீ குடிக்க வேண்டும். அவரவர் கையிலிருக்கும் மிகப் பெரிய கருத்தை அப்போதே மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். நான் பயின்ற பள்ளியில், எதிராளி அறியாத கருத்தே ஆயுதம். இப்படி ஒரு வழக்கம் எதற்கு என்று கேட்டேன்.

"மேடையில திடீர்னு அடிச்சா கைதட்டு வரும். பதில் வராது. எங்க மன்றத்துக்குப் பதில்தாங்க வேணும்" என்றான். பிறகு டீயை ஒருமுறை ஊதிவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "உங்க பறவை நல்லா இருக்குங்க."

எனக்கு விளங்கவில்லை. தொலைபேசியை என் பக்கம் திருப்பினான். எங்கள் நாட்டின் செம்பட்டியல், என் தாய்மொழியைப் போலவே எனக்குப் பழக்கமான நோர்வே மொழியில், என் முன்னே ஒளிர்ந்தது. பட்டியலைப் புதுப்பித்தபோது பனிக்கவுதாரியைக் கீழே இறக்கியிருந்தார்கள். இப்போது அது கவலைக்குரிய இனமில்லை. உலகப் பட்டியலிலும் அது கவலை குறைந்த இடத்திலேயே இருந்தது. பள்ளிப் பருவத்தில் எழுதிய பேச்சு அது. வென்றுகொண்டே இருந்ததால் நான் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உங்க பாயிண்ட் என்னங்க?" என்று சாதிக் கேட்டான்.

"அதை நாளை மறுநாள் மேடையில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மழையில் நடந்து பேருந்து நிலையத்துக்குள் போன பிறகுதான் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. பெருமை உள்ளவர்கள் குடைக்காகத் திரும்பிப் போவதில்லை.

ஸ்ரீரங்கம் போவதென்று முன்பே எண்ணியிருந்தேன். முதலில் நகர்ந்த பேருந்தில் ஏறினேன். நடத்துநர், இது லால்குடி போகும் வண்டி, திருவானைக்கோவிலில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள் என்றார். பணத்தை நீட்டினேன், பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வெறும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதன் பிறகு நடந்தவற்றை நான் பார்க்கவில்லை. மனத்துக்குள் சாதிக்கை மறுத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் தவறாக இருக்கலாம். கணக்கெடுத்தவர்கள் தவறியிருக்கலாம். எப்படியாவது அந்தப் பறவை ஆபத்தில் இருக்க வேண்டும். என் மறுப்புரையின் நடுவே நிமிர்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே கலங்கலாக ஓர் அகன்ற ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்ரீரங்கம்னுதானே சொன்னீங்க?" நடத்துநர் தலையில் கை வைத்தார். "கொள்ளிடமே வந்தாச்சும்மா. கத்திக் கத்திக் கூப்பிட்டேன், நீங்க உதட்ட அசைச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. மந்திரம் சொல்றீங்கன்னு விட்டுட்டேன்."

ஆற்றைத் தாண்டி டோல்கேட் நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்த்திசைப் பேருந்துக்கு நின்றேன். ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது ஆடை முழுவதும் நனைந்திருந்தது. கோயில் வரிசையில் எனக்கு முன் நின்ற மடிசார் மாமி ஒருவர், கையிலிருந்த துளசியை ஈரம் படாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே, "தனியாவா சேவிக்க வந்தே?" என்றார். ஆமாம் என்றேன். எதற்காகப் பிரார்த்தனை என்று கேட்டார். ஒரு பறவை மறுபடியும் அழிவை நெருங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை. சந்நிதிக்கு எதிரே வந்ததும் கண்ணை மூடாமல் கடந்து வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் காலை விடுதி வாசலில் செவிலியர் உடையில் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் என் குடை.

"நீங்கதானே பறவைக்காரம்மா? நான் சாதிக்கோட அக்கா, நூர்ஜஹான். பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் வேலை. தம்பி குடுத்து விட்டான். நேர்ல வர பயமாம்."

குடையைப் பெற்றுக்கொண்டு முறைப்படி நன்றி கூறினேன். என் நன்றியுரையை முழுவதும் கேட்டுவிட்டு, இங்கே யாருடன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலைக் கேட்டு, பணி முடிந்ததும் வந்து என்னைத் தம் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். அழைத்தார் என்று எழுதுவது சரியாகாது, ஏற்றிக்கொண்டார்.

மாடியில் சிறிய வீடு. பிரியாணி, தாளிச்சா, ஒரு தட்டில் காடை வறுவல். சாதிக் என் எதிரே தலையைக் குனிந்தபடி அமர்ந்திருந்தான். காடைத் தட்டை என் பக்கம் தள்ளிய நூர்ஜஹான், "உங்க பறவையோட சொந்தக்காரங்க. பாத்து வருத்தப்படாம சாப்பிடுங்க" என்றார். பிறகு இயல்பாகக் கேட்டார்: "உங்க பறவை எப்படி இருக்கும்? சாப்பிட்டிருக்கீங்களா?"

அந்தப் பேச்சை நான் எத்தனையோ அவைகளில் பேசியிருக்கிறேன். ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"ஓம்" என்றேன். வீட்டில் 'ஆமாம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லிலேயே மேடைத் தமிழ் உதிர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வேட்டைக்காரக் கிழவர் ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்கு ஒரு சோடி கொடுப்பார் என்று சொன்னேன். நோர்வேக்காரர்கள் அதைப் பாலாடையில் வேகவைப்பார்கள். அம்மா யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வைப்பார். "அப்பா எலும்பையும் விட மாட்டார். 'இதுக்கு முன்னாலை ஊர்க்கோழி எல்லாம் என்ன' எண்டு சொல்லுவார்." அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். திருச்சிக்கு வந்த பிறகு நான் யாரையாவது சிரிக்க வைத்தது அதுவே முதல் முறை. சிரிக்க வைக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

சாதிக் மெல்ல நிமிர்ந்து, நேற்று தன்மேல் கோபமா என்று கேட்டான். அவன்மீது இல்லை என்று சொன்னேன்.

"பின்ன யார் மேல?" என்றார் நூர்ஜஹான். "பொழைச்சதுக்காக அந்தப் பறவை மேலயா?"

நான் காடையின் எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். அவர் எழுந்து எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். வைத்துக்கொண்டே தம் மருத்துவமனையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஐசியூவிலிருந்து நோயாளியை வார்டுக்கு மாற்றும் நாளில் உறவினர்கள் எல்லோருக்கும் லட்டு கொடுப்பார்களாம். அவருக்கும் சந்தோஷம்தானாம். ஆனால் அன்றைக்குத்தான் அவர் அந்தக் கட்டிலை அதிகமாக எட்டிப் பார்ப்பாராம். "உள்ள ஒருத்தருக்கு ஒரு நர்ஸ். வார்டுல நான் ஒருத்தி, பூரா வரிசைக்கும். வெளிய வந்தா நல்லாயிட்டாங்கன்னு அர்த்தமில்லைங்க. பாக்குற ஆள் குறையுதுன்னு அர்த்தம்."

சாதிக் என்னைப் பார்த்தான். "அக்கா, இவங்களுக்குப் பாயிண்ட் எடுத்துக் குடுக்கிற" என்றான். டீக்கடையில் நான் சொல்லாமல் வந்த கடனை அப்போது தீர்த்தேன். நாளைக்கு என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பறவை வெள்ளையாவது பனியைப் பார்த்து அன்று. பகல் குறுகக் குறுக இறகு தானாக வெளுக்கும். பனி தாமதமாகும் ஆண்டுகளில் பழுப்பு மலையில் அது வெள்ளையாக நிற்கும். நரிக்குத் தெரியும், கழுகுக்குத் தெரியும். தான் தெரிவது அதற்கு மட்டும் தெரியாது. மறைந்திருப்பதாக நம்பி அசையாமல் நிற்கும். சாதிக் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, இதை மறுப்பது கஷ்டம், இன்றே சொன்னதற்கு நன்றி என்றான்.

நான்காம் நாள் இறுதிச் சுற்று. அரங்கு நிறைந்திருந்தது. நான் கனவு கண்ட அரங்கு அது. மேடையேறினேன்; நடுவரை வணங்கினேன்; மனப்பாடமாக இருந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

"நடுவர் அவர்களே, நான் ஓர் ஆபத்திலுள்ள பறவைக்காகப் பேசப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மையன்று. எங்கள் நாடு அந்தப் பறவையைக் கவலைக்குரியவற்றின் வரிசையிலிருந்து இறக்கிவிட்டது."

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினேன். அந்த இடைவெளியில் அரங்கு கைதட்டியது.

முன் வரிசையில் தொடங்கி மாடம் வரை போய்த் திரும்பி வந்தது. தாங்கள் ஒருபோதும் பார்த்திராத, பார்க்கவும் போகாத ஒரு பறவை பிழைத்துக்கொண்டதற்காகத் திருச்சிக்காரர்கள் மனமாரக் கைதட்டினார்கள். வாழ்நாளெல்லாம் நான் இடம் விட்டுக் காத்திருந்த கைதட்டல், என் வாதத்தை அழித்த வாக்கியத்துக்குக் கிடைத்தது. ஒலிவாங்கிக்கு முன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அது அடங்கிய பிறகு பேசினேன். கைதட்டல் முடிந்ததும் அரங்கு கலையும், அதுதான் என் அச்சம் என்றேன். வேட்டையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நானே அதை உண்டு வளர்ந்தவள் என்றேன், சிரித்தார்கள். ஜப்பானின் உயர்ந்த மலைகளில் வாழும் அதன் இனத்தார் இன்னும் ஆபத்தில் இருப்பதைச் சொன்னேன். வார்டுக்கு மாற்றப்பட்ட நோயாளியைச் சொன்னேன்; அது ஒரு செவிலியரின் சொல் என்றும் சொன்னேன். கடைசியாக, பழுப்பு மலையில் நிற்கும் வெள்ளைப் பறவையைச் சொன்னேன். மணி அடிக்கும் முன்பே முடித்துவிட்டு இறங்கினேன். இம்முறை கைதட்டல் குறைவு. மாடத்தில் செவிலியர் உடை ஒன்று மட்டும் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தது.

சாதிக் எழுந்தான். தோழி சொன்ன உவமை எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டில் பிறந்தது, அதை மறுத்தால் எனக்கு இன்று சோறில்லை என்று தொடங்கினான். அரங்கு அவன் கைக்குள் போனது. பின்பு குரலை இறக்கினான்.

"ஆனால் கவலைக்கும் ஓர் அளவு உண்டு, நடுவர் அவர்களே. தமிழ்நாட்டின் புல்வெளிகளில் ஒரு காலத்தில் கானமயில் என்ற பெரும்பறவை நடந்தது. இன்று இல்லை. பட்டியலிலிருந்து இறங்கிய பெயருக்கும் நாம் அழுதால், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பெயருக்கு அழக் கண்ணீர் எங்கே? இறக்க வேண்டியதை இறக்கும் பட்டியலைத்தான் உலகம் நம்பும்."

அந்தக் கடைசி வரியை என் குறிப்புத்தாளில் எழுதிக்கொண்டேன். அவன் வென்றான், வென்றது முறையே. நடுவர் என் தோளில் பொன்னாடை போர்த்தி, நோர்வேயில் இதைவிடக் கனமானது தேவைப்படும் என்று சொன்னார். புகைப்படங்கள் எடுத்தார்கள். அணிகள் பேருந்துகளில் ஏறின. அரங்கு உண்மையிலேயே கலைந்தது. நாற்காலிகளை அடுக்கும் ஓசை கேட்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

ஐந்தாம் நாள் விமானம். விமான நிலையத்தில் வேறோர் அதிகாரி இருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது நண்பகலிலும் அந்திபோன்ற வெளிச்சம். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா கடைக்கு. பொன்னாடையை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பனி விழவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலை, அடி முதல் உச்சி வரை பழுப்பாகக் கிடந்தது. சரிவின் நடுவே, பாறைகளுக்கு இடையில், ஒரு வெள்ளைப் புள்ளி. அசையாமல் நின்றது. எவ்வளவு தொலைவிலிருந்தும் தெரியும்.

தொலைபேசி ஒலித்தது. சாதிக்கின் செய்தி: "பனி விழுந்துருச்சா?"

அவன் எதற்காக இன்னும் கேட்கிறான் என்று யோசித்தேன். போட்டி முடிந்துவிட்டது. கோப்பை அவன் வீட்டு மாடியில் இருக்கிறது. அந்தப் பறவைக்காக யாரும் கவலைப்படத் தேவையில்லை என்று நிரூபித்தவனே அவன்.

இன்னும் இல்லை என்று எழுதினேன். மேலே ஒரு வெள்ளைப் பறவை நிற்கிறது, இங்கிருந்தே தெரிகிறது என்றும் எழுதினேன். பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினேன். துணிகளுக்கு நடுவே நூர்ஜஹான் திணித்து விட்டிருந்த பிரியாணி மசாலாப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டபோது, பாலக்கரையிலிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"இப்பவும் அங்கதான் நிக்குதா? அக்கா கேக்குறா."

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன்.